போன மின்சாரம் திரும்பி வரவேண்டும்
பிக்கப் வண்டியில் ஒலிபெருக்கிக்கு 'எர்த்' கொடுப்பது எப்படி?



தேர்தல் காலத்தில் சிங்கப்பூருக்குப் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். சிறு லாரிகளும் பிக்கப் வண்டிகளும் கொடி கட்டி, ஒலிபெருக்கிக் குழாய்களை ஏற்றிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி வரும். 2020ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தலில், கோவிட் நோயின் காரணமாகப் பொதுக்கூட்டங்கள் நடைபெறவில்லை. அப்போதும் இந்த வண்டிகள் ஓடின. 2025ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் குவீன்ஸ்டவுன் வட்டாரம் ஒரு தனித்தொகுதியாக இருந்தது. உயர்ந்த மாடிகள் நெருங்கி நிற்கும் அப்படிப்பட்ட இடத்தில், வண்டியிலிருந்து வரும் குரல் தெளிவாக இல்லாவிட்டால் யார் காதிலும் எதுவும் விழாது. வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

நம் தோட்டங்களிலும் இது புதிதல்ல. மாரியம்மன் திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்யவும், கல்யாண வீட்டில் பாட்டுப் போடவும் பிக்கப் வண்டியில்தான் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுகிறோம். இளைஞர்கள் தங்கள் சொந்த வண்டியிலும் பெரிய பெட்டிகளாக வாங்கி மாட்டுகிறார்கள். சில நாளில் முறையீடு வருகிறது. "வண்டி ஓடினால் ஸ்பீக்கரில் ஒரு கீச்சுச் சத்தம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தச் சத்தமும் ஏறுகிறது." "சத்தத்தைக் கூட்டினால் வண்டி விளக்கு மங்குகிறது." "காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை." "எங்கோ கம்பி கருகும் வாடை."

பெட்டி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கருப்புக் கம்பியைப் பார்க்கவேண்டும். அதைத்தான் 'எர்த் கம்பி' என்கிறோம். பலரும் சிவப்புக் கம்பியைக் கவனமாக மாட்டுவார்கள். கருப்புக் கம்பியை ஏதோ ஓர் ஆணியில் முறுக்கி விட்டுவிடுவார்கள். இன்றைய உரையில் அந்தக் கருப்புக் கம்பியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். திருவிழாவுக்குப் பாட்டுப் போடும் அதே வண்டிதான் நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்த பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு போகிறது. ஆகவே இதை விளையாட்டுப் பிள்ளைகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

'எர்த்' என்ற ஒரு சொல், இரண்டு பொருள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீட்டு மின்சாரத்திலும் 'எர்த்' உண்டு. வண்டியிலும் 'எர்த்' உண்டு. பெயர் ஒன்று, வேலை வேறு.

வீட்டு எர்த் உண்மையிலேயே மண்ணோடு இணைந்தது. இஸ்திரிப் பெட்டிக்குள் கம்பி அறுந்து இரும்பில் பட்டுவிட்டால், மின்சாரம் நம் உடம்பு வழியாகப் போகாமல் அந்தக் கம்பி வழியாகப் போய்விடும். ஃபியூசோ பாதுகாப்புச் சுவிட்சோ உடனே இணைப்பைத் துண்டிக்கும். அது உயிர் காக்கும் கம்பி. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் அதில் மின்சாரம் ஓடுவதில்லை.

வண்டி நிற்பதோ நான்கு ரப்பர் சக்கரங்கள்மேல். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியில் 'எர்த்' என்றால் அதன் இரும்பு உடம்பு. அந்த உடம்பு பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு எர்த்தைப் போல இது ஆபத்துக் காலத்துக்குக் காத்திருப்பதில்லை. ஆம்ப்ளிஃபயர் பாடும் ஒவ்வொரு நொடியும் இதில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிவப்புக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அத்தனையும் இதன் வழியாகத்தான் திரும்புகிறது.

பள்ளியில் நாங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பேட்டரி, ஒரு சிறு பல்பு, இரண்டு கம்பி வைத்துப் பாடம் நடத்துவோம். ஒரு கம்பியை மட்டும் இணைத்தால் பல்பு எரியாது. இரண்டையும் இணைத்து வட்டம் முழுமையானால்தான் எரியும். போன மின்சாரம் திரும்பி வரவேண்டும் என்பதே மின்சுற்றின் முதல் பாடம். வண்டியில் அந்த இரண்டாவது கம்பிக்குப் பதிலாக இரும்பு உடம்பையே வைத்துவிட்டார்கள்.

தண்டவாளம் சொல்லும் பாடம்

இந்த ஏற்பாட்டின் பெரிய உருவத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், குவீன்ஸ்டவுன் எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் போனால் போதும். 1988ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட நிலையம் அது. மேம்பாலத்தின்மேல் ஓடும் அந்த இரயில்களுக்கு மேலே மின்கம்பி எதுவும் இல்லை. தண்டவாளத்தின் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் செல்கிறது. அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. இரயில் அதைத் தொட்டு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. மோட்டாரைச் சுழற்றிய பிறகு அந்த மின்சாரம் எங்கே போகிறது? இரும்புச் சக்கரங்களின் வழியாக, இரயில் ஓடுகின்ற அதே தண்டவாளத்தில் இறங்கி, மின் நிலையத்துக்குத் திரும்புகிறது.

இரயிலைத் தாங்குவதும் தண்டவாளம். மின்சாரத்துக்கு வழிவிடுவதும் தண்டவாளம். தண்டவாள வேலை நம் மக்களுக்கு அன்னியமானதல்ல. குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலே 1930களில் அங்கு வேலை செய்த இந்திய இரயில்வே தொழிலாளர்களின் வழிபாட்டிலிருந்து வளர்ந்ததுதான். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் இணைப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வேலை செய்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மின்சாரத்துக்கும் அப்படித்தான். பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும், அது இணையும் இடம் கெட்டிருந்தால் பயணம் கெடும்.

பிக்கப் வண்டியில் என்ன சிக்கல்?

சாதாரணக் காரின் உடம்பு முழுவதும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடு. பிக்கப் வண்டி அப்படியல்ல. கீழே ஏணி போன்ற ஒரு சேசிஸ். அதன்மேல் முன்பக்கம் கேபின். பின்பக்கம் சாமான் ஏற்றும் தொட்டி. மூன்றும் தனித்தனி உருப்படிகள். கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையில், அதிர்ச்சி தெரியாமல் இருப்பதற்காக ரப்பர் கட்டைகளை வைத்திருப்பார்கள். எஞ்சினும் ரப்பர் கட்டைகளின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது என்பது பால்வெட்டும் நமக்குத் தெரியாததா?

ஆகவே இந்த உறுப்புகளை மின்சார வழியில் இணைப்பதற்கென்று, பின்னல் பட்டைகளையும் கம்பிகளையும் தொழிற்சாலையிலேயே போட்டிருப்பார்கள். வண்டியோடு வந்த விளக்கு, ரேடியோ போன்றவற்றுக்கு அவை போதும். நாம் பிறகு வாங்கி மாட்டும் பெரிய ஆம்ப்ளிஃபயரை மனத்தில் வைத்து அவற்றைச் செய்யவில்லை. தொட்டியின் தகட்டில் ஒரு திருகாணியைப் போட்டு எர்த் கொடுத்தால், மின்சாரம் தொட்டியின் துருப்பிடித்த போல்ட்டுகள் வழியாகச் சேசிஸுக்கு வந்து, பிறகு பேட்டரிக்குப் போகவேண்டும். மழையும் சேறும் உரமும் படும் தோட்ட வண்டியில் அந்த போல்ட்டுகளின் கதி என்ன என்பதை நாமே அறிவோம்.

கெட்ட இணைப்பு என்ன செய்யும்?

1827ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் ஒரு விதியை வெளியிட்டார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். ஓடும் மின்சாரத்தை, பாதையின் தடையால் பெருக்கினால், அந்த இடத்தில் எத்தனை வோல்ட் இழக்கிறோம் என்பது தெரிந்துவிடும். இதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உண்மையாகவே 400 வாட் ஒலிச்சக்தி தரக்கூடிய ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் சக்தி முழுவதையும் அது ஒலியாக்குவதில்லை. ஒரு பகுதி சூடாகப் போய்விடும். பழைய வகைப் பெட்டியானால், முழுச் சத்தத்தில் 650 வாட் வரை இழுக்கும். எஞ்சின் ஓடும்போது வண்டியில் சுமார் 13 வோல்ட் என்றால், மின்னோட்டம் 50 ஆம்பியர்.

எர்த் இணைப்பு நன்றாக இருந்து, அதன் தடை 0.002 ஓம் என்றால், இழப்பு 0.1 வோல்ட்தான். அங்கே உண்டாகும் சூடு 5 வாட். கவலை இல்லை.

பெயிண்டும் துருவும் சேர்ந்து அதே இணைப்பின் தடை 0.05 ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். எண் சிறியதுதான். ஆனால் 50 ஆம்பியர் ஓட முயலும்போது 2.5 வோல்ட் அந்த ஓரிடத்திலேயே தொலைந்துபோகும். 13 வோல்ட் வரவேண்டிய பெட்டிக்குப் பத்தரை வோல்ட்தான் வரும். சத்தம் கரகரக்கும், பெட்டி தானாக நின்று நின்று ஓடும். அந்த இணைப்பில் உண்டாகும் சூடு 125 வாட். ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைவிட அதிகமான சூடு, ஒரு திருகாணித் தலையளவு இடத்தில், இருக்கைத் துணிக்குப் பக்கத்தில் உண்டாவதை எண்ணிப் பாருங்கள்.

"ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்கலாம். காப்பாற்றாது. அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால்தான் ஃபியூஸ் அறுபடும். கெட்ட இணைப்பில் மின்சாரம் கூடுவதில்லை; குறையத்தான் செய்கிறது. ஃபியூசுக்கு எல்லாம் நலமாகவே தெரியும். இணைப்போ கருகிக்கொண்டிருக்கும். இந்த ஒன்றை மட்டுமாவது நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்: கெட்ட எர்த்துக்கு ஃபியூஸ் காவல் இல்லை.

கீச்சுச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

வண்டியில் மின்சாரம் உண்டாக்குவது ஆல்டர்னேட்டர். பலர் இன்னும் டைனமோ என்றே சொல்வார்கள். அது மாறுமின்சாரத்தை உண்டாக்கி, உள்ளேயே நேர்மின்சாரமாக மாற்றி அனுப்புகிறது. அப்படி மாற்றியதில் சிறு அலைகள் மிஞ்சியிருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் அலைகளும் விரைவாக வரும். அதனால்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கீச்சுச் சத்தமும் ஏறுகிறது.

சரி, அது ஸ்பீக்கருக்குள் எப்படி நுழைகிறது? முன்னால் இருக்கும் ரேடியோ ஓரிடத்தில் எர்த் எடுக்கிறது. பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வேறோர் இடத்தில் எர்த் எடுக்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே பாதை கெட்டிருந்தால், இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றாக இராது. ஆனால் ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் பாட்டுக் கம்பி ஒன்று இணைக்கிறதல்லவா? திரும்பிப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அந்த மெல்லிய கம்பியின் மேலுறைப் பின்னல் வழியாகப் புகுந்துவிடும். அதோடு அலைகளும் புகும். ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டு என்றெண்ணிப் பெருக்கிக் கொடுத்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பி முழுவதுமாகக் கழன்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மொத்த மின்சாரமும் அந்த மெல்லிய பின்னல் வழியாகத் திரும்ப முயலும். அந்தக் கம்பி உருகலாம். ரேடியோவின் உள்பாகங்கள் கருகலாம். ஆகவே கீச்சுச் சத்தத்தை நிறுத்துவதற்காக ரேடியோவின் எர்த்தைக் கழற்றிவிடுவது, பாட்டுக் கம்பியின் பின்னலை வெட்டிவிடுவது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது அது.

முறையாகச் செய்வது எப்படி?

முதலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். ஏன் எதிர்முனையை முதலில் கழற்றவேண்டும்? நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். எதிர்முனையைக் கழற்றும்போது பட்டால் ஒன்றும் ஆகாது. அதுவும் இரும்பும் ஏற்கெனவே ஒன்றுதான். திரும்ப மாட்டும்போது எதிர்முனை கடைசி.

ஒரு எச்சரிக்கை. 1960களில் வந்த பழைய லேண்ட் ரோவர், மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட பழைய வண்டியில் இன்றைய ஆம்ப்ளிஃபயரை அப்படியே மாட்டக்கூடாது.

அடுத்து, கம்பி. எர்த் கம்பி, சிவப்புக் கம்பியின் பருமனுக்குக் குறையக் கூடாது. போகும் பாதை அகலமாகவும் திரும்பும் பாதை குறுகலாகவும் இருந்தால் பயனில்லை. நாம் கணக்குப் போட்ட பெட்டிக்குச் சுமார் 20 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பொருத்தம். மலிவாகக் கிடைக்கும் கம்பிகள் சிலவற்றில் உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சும் இருக்கும். அது செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும்.

எர்த் கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அரை மீட்டருக்குள் முடித்துக்கொள்ளலாம். பெட்டி கேபினுக்குள் இருக்கையின் பின்னால் இருந்தால், தரையின் ஓர் ஓட்டை வழியாகக் கம்பியை இறக்கிச் சேசிஸில் இணைப்பது நல்லது. ஓட்டையின் விளிம்பு கம்பியை அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம் போடவேண்டும். சேசிஸில் புதிதாக ஓட்டை போடாமல், ஏற்கெனவே உள்ள ஓட்டையையோ போல்ட்டையோ பயன்படுத்துங்கள். எண்ணெய்த் தொட்டி, பிரேக் குழாய் இவற்றின் பக்கத்தில் கை வைக்கவே கூடாது. இருக்கைப் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டில் எர்த் கொடுப்பவர்கள் உண்டு. அது உயிரைப் பிடித்திருக்கும் போல்ட். அதைத் தளர்த்தக் கூடாது.

இணைக்கும் இடத்தில், உப்புத்தாளால் பெயிண்டையும் துருவையும் தேய்த்து, வெறும் இரும்பு பளபளவென்று தெரியும்படி செய்யுங்கள். கம்பியின் நுனியில் வளைய முனையை அழுத்திப் பொருத்துங்கள். கம்பியை வெறுமனே முறுக்கிவிடக் கூடாது. வளைய முனை இரும்பின்மேல் நேராகப் படவேண்டும். அதோடு பல்லுள்ள வாஷர் போட்டு போல்ட்டை இறுக்குங்கள். வண்டியின் அதிர்ச்சியில் போல்ட் தளராமல் அந்தப் பற்கள் கடித்துக்கொள்ளும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயிண்டோ பூசிவிடுங்கள். முதலில் தேய்ப்பது, அடுத்து இறுக்குவது, கடைசியில் பூசுவது. இந்த வரிசை மாறக்கூடாது.

பிறகு எஞ்சின் பக்கம் பாருங்கள். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து சேசிஸுக்கும், எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் செல்லும் பட்டைகள் பச்சை பூத்து, இற்றுப்போய் இருந்தால் மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் சிலவற்றின் நோயே இதுதான். புதிய பேட்டரி வாங்கினாலும் தீராது. புது வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் எதிர்முனைக் கவ்வியிலேயே மின்சாரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று இருக்கும். அவற்றில் நம் எர்த் கம்பியை நேரே பேட்டரி முனையில் மாட்டாமல் சேசிஸில்தான் மாட்டவேண்டும்; இல்லாவிட்டால் கணக்குத் தவறி, பேட்டரிக்குச் சரியாகச் சார்ஜ் ஏறாது.

சிவப்புக் கம்பிக்கு, பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். கம்பி எங்காவது உரசி இரும்பில் பட்டால் தீப்பிடிக்காமல் தடுப்பது அதுதான். சிவப்புக் கம்பியை வண்டியின் ஒரு பக்கமும் பாட்டுக் கம்பியை மறுபக்கமும் கொண்டு போங்கள்.

சோதித்துப் பார்ப்பது

வேலை முடிந்ததும் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. சிறிய மீட்டர் ஒன்று போதும். பலரும் அதை ஓம் அளவில் வைத்துப் பார்த்து, "பூஜ்யம் காட்டுகிறது, சரி" என்று விட்டுவிடுவார்கள். நாம் தேடும் மிகச் சிறிய தடையைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது.

சரியான வழி வேறு. எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டை உரக்க வையுங்கள். மீட்டரை நேர்மின்சார வோல்ட் அளவில் வையுங்கள். ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொரு முள்ளை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும் வையுங்கள். திரும்பும் பாதையில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை மீட்டர் காட்டும். 0.1, 0.2 வோல்ட் என்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ குறை இருக்கிறது. ஒரு முள்ளை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைச் சேசிஸ், போல்ட், வளைய முனை என்று ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் எண் திடீரென்று ஏறுகிறதோ, அதுதான் நோயாளி.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, திருவிழாவுக்கு முன்னால் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்யலாம். பாட்டு ஓடி முடிந்ததும் இணைப்பின் பக்கம் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றே கவனியுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், எஞ்சினை நிறுத்திவிட்டு இரவு முழுதும் பாட்டுப் போட்டால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். வண்டியை நம்பி நோயாளிகளும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் அதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போகிறார்கள். "ஏன் இந்தக் கம்பி? ஏன் இந்த இடம்?" என்று கேட்டுச் செய்கிறவனுக்கு அங்கே என்றும் மதிப்புண்டு. வீட்டில் அண்ணனோ தம்பியோ வண்டிக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டும்போது, பக்கத்தில் நின்று பார்க்கும் சின்னப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சிவப்புக் கம்பியில் போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்பி வரும்?" விரலால் அந்த வழியைப் பேட்டரி வரைக்கும் காட்டிவிட்டால், அந்தப் பிள்ளை பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டது. வழி நடுவில் எங்காவது விரல் தயங்கி நின்றால், அந்த இடத்தில்தான் உப்புத்தாளுக்கு வேலை இருக்கிறது.